மார்கரெட்டுக்கு விட்ட இடம்

பாளையங்கோட்டையில் எஸ்றா மாஸ்டர் பேண்டு செட்டில் சாக்ஸபோன் வாசிக்கிற வளனைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். தங்கமான மனுஷன், பாட்டை மாற்றவே மாட்டான். கல்யாணமோ, கோவில் தேரோ, சாவோ, மாஸ்டர் என்ன சொல்லிக்கொடுத்தாரோ அதை அப்படியே வாசிப்பான். ஒரு சுரம் கூடாது, ஒரு சுரம் குறையாது. அவன் மனைவி மார்கரெட் மட்டும் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டதே கிடையாது. “எங்க வீட்டுல கரண்டு இல்லாமலே ஓடுத டேப் ரிக்கார்டர் ஒண்ணு கெடக்கு” என்று மாதா கோவில் பாடற்குழுப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள். வளன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பான். அவனுக்கும் சிரிப்பு வரும்.

அவன் அப்படி ஆனதற்குக் காரணம் இருக்கிறது. பிறந்தது உவரிக் கடற்கரையில். அப்பாவுக்குச் சொந்தப் படகு. ஆனால் பையனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. அலையைத் தாண்டுவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். கடல்காரன் மகன் படகில் வாந்தி எடுத்தால் ஊர் சும்மா விடுமா? கேலி தாங்காமல் கோவில் பேண்டில் போய் ஒளிந்துகொண்டான். அங்கே ஒரு பழைய சாக்ஸபோனைக் கையில் கொடுத்தார்கள். படகில் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானே, அதே மாதிரி பாட்டையும் பிடித்துக்கொண்டான். கையை விட்டால் விழுந்துவிடுவோம் என்ற பயம் அவனுக்கு வெகுகாலம் போகவே இல்லை.

எஸ்றா மாஸ்டர் செட்டுக்கென்று ஒரு சட்டம் உண்டு. சத்தம் அறுபடக் கூடாது. வாசிக்கிறவனுக்கு மூச்சு முட்டலாம், குழல் வாயில் வைத்து ஊதுகிற ரீட்டு உடையலாம், இருமல் வரலாம், வெயிலில் தலை சுற்றலாம். மனுஷனுக்கு வருவதுதான். ஆனால் அவன் விட்ட இடத்தைப் பக்கத்தில் இருப்பவன் அந்தக் கணமே எடுத்துக்கொள்ள வேண்டும். இதை அவர்கள் தாங்குவது என்பார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு மாஸ்டர் முதலில் சொல்லித்தருவது பாட்டை இல்லை, இதைத்தான். “சாவுல பெட்டியத் தூக்கிட்டுப் போறவன் நம்ம சத்தத்த வச்சுத்தான் கால் எடுத்து வைக்கான். சத்தம் நின்னா பின்னால வாற அழுகை அவன் காதுல விழும். விழுந்தா கால் தடுமாறும். பெட்டி சரிஞ்சா எவம்லே பொறுப்பு?”

சாத்தான்குளத்தில் ஒரு சாவு வீட்டில் வளனுக்கு நடுப்பாட்டில் ரீட்டு பிளந்துவிட்டது. குழலில் வெறும் காற்றுதான் வந்தது. பக்கத்தில் டிரம்பெட் வாசித்துக்கொண்டிருந்த சங்கிலிபூதத்தான் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. வளனுடைய பாட்டைச் சட்டென்று தன் குழலில் வாங்கி, அவன் ரீட்டு மாற்றி முடிக்கிறவரை கொண்டுபோனான். ஊர்வலத்தில் ஒரு ஆளுக்கும் தெரியவில்லை. சங்கிலி வளனை அண்ணாச்சி என்பான், மார்கரெட்டை மைனி என்பான், அவள் வைக்கிற மீன் குழம்புக்கு வாரம் தவறாமல் வந்து நிற்பான். தம்பி இல்லாத வளனுக்கு அவன்தான் தம்பி.

இவர்கள் வாழ்க்கையில் ஜாஸ் என்கிற மேல்நாட்டு இசை வந்து சேர்ந்தது மகள் ரெனிஷா மூலமாக. பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அங்கே ஏதோ ஒரு கடைவளாகத்தில் ஒருவர் சாக்ஸபோன் வாசித்ததை வீடியோ பிடித்து அனுப்பியிருந்தாள். பாட்டில் இல்லாததை அவர் அந்த நேரத்துக்குத் தானாகவே வாசிக்கிறார், அதற்குத்தான் எல்லோரும் கை தட்டுகிறார்கள் என்று குறிப்பு வேறு. வளனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாட்டை மறந்துவிட்டு முழிக்கிறான், இதற்குக் கை தட்டுகிற கூட்டம் வேறு என்று போனைத் தூக்கிக் கட்டிலில் போட்டான். போட்டவன் கொஞ்ச நேரம் கழித்து எடுத்து மறுபடி பார்த்தான். மார்கரெட் அதைக் கவனித்தாள்.

அப்புறம் கொரோனா வந்து எல்லாவற்றையும் நிறுத்திப்போட்டது. கல்யாணம் இல்லை, தேர் இல்லை, சாவுகூடச் சத்தமில்லாமல் போனது. வீட்டில் சும்மா உட்கார முடியாத வளன், யாருக்கும் தெரியாமல் ஜாஸ் படிக்க ஆரம்பித்தான். வாத்தியார், போனில் வருகிற தாடிக்கார வெள்ளைக்காரர் ஒருவர். அவர் பேசுவது ஒரு எழுத்தும் புரியாது. ஆனால் செய்வது புரிந்தது. டிரம்மும் பேஸ் கிட்டாரும் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் மேல் அவர் தாளக் கணக்கில் நாலு சுற்று வாசிப்பார். அப்புறம் குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ‘இப்போ நீ’ என்பதுபோல விரலை நீட்டுவார். அடுத்த நாலு சுற்றும் வெறும் தாளம்தான். அந்த இடம் படிக்கிறவனுக்கு. அவன் இஷ்டப்படி ஏதாவது வாசித்துக்கொள்ளலாம்.

அந்த ‘ஏதாவது’தான் வளனுக்கு வராது. விரல் நீண்டதும் உடம்பு விறைத்துவிடும். வாசிக்க ஆயிரம் பாட்டு இருக்கிறது, ஆனால் அது எதுவும் இவனுடையது இல்லை. நாலு சுற்றும் வீணாக ஓடி முடியும். தாடிக்காரர் கோபித்துக்கொள்ளாமல் மறுபடி தன் பங்கை வாசித்து மறுபடி விரலை நீட்டுவார். நாள் கணக்கில் இப்படியே போனது. வேர்த்து வழிய உட்கார்ந்திருப்பான், பாவம்.

ஒரு நாள் காலை மார்கரெட் அடுப்படியில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தாடிக்காரர் நாலு சுற்று வாசித்துவிட்டு விரலை நீட்டினார். வளன் வழக்கம்போல் விறைத்தான். அப்போது அடுப்படியிலிருந்து ஒரு முனகல் வந்தது. சொல் இல்லை, வெறும் தன்னன்னாதான். தாடிக்காரர் விட்ட இடத்தில் தொடங்கி, பைய மேலே ஏறி, கொஞ்சம் இழுத்து, கேலி செய்கிற மாதிரி ஒரு சுழி சுழித்து, சரியாக நாலாவது சுற்றில் வந்து இறங்கியது. மீனைக் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் அதன் பிறகுதான் கேட்டது.

வளன் எழுந்துபோய் அடுப்படி வாசலில் நின்றான். இது எங்கே படித்தது என்று கேட்டான். அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

“படிக்கவா? அந்த மனுஷன் எத்தன நாளா உங்ககிட்ட ஏதோ கேட்டுக்கிட்டே இருக்காரு. நீங்க பதிலே சொல்ல மாட்டுக்கிய. எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு. அதான் நான் சொன்னேன்.”

அன்றைக்குத்தான் அவனுக்கு விஷயம் விளங்கியது. இது பரீட்சை இல்லை, பேச்சு. போனை அணைத்துவிட்டு அவளிடமே படிக்க ஆரம்பித்தான். அவள் அடுப்படியிலிருந்து நாலு சுற்று பாடுவாள், இவன் கூடத்திலிருந்து நாலு சுற்று பதில் சொல்வான். முதலில் அவள் பாடியதையே திருப்பி வாசித்தான். அவளுக்கு வந்ததே கோபம். “நான் சொன்னத எனக்கே சொல்லுதீங்களே, உங்களுக்குன்னு ஒண்ணும் தோணாதா?” என்று கரண்டியோடு வந்து நின்றாள். அந்தக் கோபத்துக்குப் பதிலாக ஏதோ ஒன்று அவன் குழலில் தானாகக் கிளம்பியது. கொஞ்சம் நொண்டியது, ஒரு இடத்தில் விழுந்தது. ஆனால் அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பை அவன் சாகிறவரைக்கும் மறக்கமாட்டான்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் சண்டைகூடப் பாட்டில்தான் நடந்தது. கேஸ் தீர்ந்ததைச் சொல்ல ஒரு பாட்டு, மகள் போன் பண்ணவில்லை என்ற குறைக்கு ஒரு பாட்டு. அடுத்த வீட்டு சண்முகசுந்தரி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, “ஏ மார்கரெட், உங்களுக்குப் பேச வாய் இல்லையாடி?” என்று கேட்பாள். மகளுக்குக் கல்யாணம் பேசுகிற வயதில் இந்த இருவரும் புதுமாப்பிள்ளையும் பெண்ணும் போல ஆகிவிட்டார்கள். இதைச் சொன்னால் வளனுக்கு இப்போதும் காது சிவக்கும்.

செட்டு மறுபடி ஓட ஆரம்பித்த பிறகு, வள்ளியூரில் ஒரு கல்யாண வரவேற்பு. வளனுக்குக் கை துறுதுறுத்தது. ஒரு சினிமாப் பாட்டின் நடுவில் துணிந்து பாதையை விட்டு இறங்கினான். எங்கே, ஒரு அடி வைப்பதற்குள் சங்கிலியின் டிரம்பெட் மேலே வந்து விழுந்து பாட்டை எடுத்துக்கொண்டது. கிளாரினெட்டும் சேர்ந்துகொண்டது. அண்ணாச்சிக்குப் பாட்டு தப்பிவிட்டது என்று நினைத்துத் தாங்கியிருக்கிறார்கள். முடிந்ததும் எஸ்றா மாஸ்டர் தனியாகக் கூப்பிட்டு, கண் பார்வை சரியாக இருக்கிறதா, சர்க்கரை பார்த்தீரா என்று அக்கறையாக விசாரித்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. வளன் தலையைக் குனிந்துகொண்டு பழைய பாட்டுக்கே திரும்பிவிட்டான்.

வீட்டில் வந்து சொன்னபோது மார்கரெட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். செட்டில் வேண்டாம், அது அவர்கள் பிழைப்பு. ஆனால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வெளியே வைத்து, நாலு பேர் கேட்க, நீங்கள் வாசிக்கணும், நான் பதில் சொல்லணும் என்றாள். அடுப்படிக்குள்ளேயே பாடிப் பாடிச் சுவருக்குத்தான் கேட்கிறது என்றாள். அவள் பாடற்குழுவில் எப்போதும் இரண்டாம் குரல். முன்னால் நின்று பாடச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை, அவளும் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து புருஷனிடம் அவள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். வளன் சரி என்றான். அதற்கென்ன, செய்தால் போச்சு என்றான். நாள்தான் வரவில்லை. இந்தத் தேருக்கு, அடுத்த திருவிழாவுக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தான்.

அந்த மழைக்காலத்தில் அவள் குரல் கம்மியது. சளி என்றார்கள், கஷாயம் வைத்தாள். குளிர்ச்சி என்றார்கள், தலைக்குக் குளிப்பதைக் குறைத்தாள். கோவிலில் பாடும்போது பாதியில் நின்றது. பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கழுத்துக்குள் கட்டி. அது நல்ல கட்டி இல்லை. உயிரைக் காப்பாற்ற வேண்டுமானால் குரல்வளையை எடுத்தாக வேண்டும், பிறகு பேச்சு வராது, பாட்டும் வராது என்று டாக்டர் பக்குவமாகத்தான் சொன்னார். மார்கரெட் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது வளனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“ஆப்பரேசனுக்கு முன்ன ஒரு நாள் மணிமுத்தாறு போவோமா? அந்தக் குழலையும் எடுத்துக்கிடுங்க.”

எதற்கென்று அவனுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். அணைக்குக் கீழே ஒரு மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தார்கள். தயிர்சாதமும் வறுத்த மீனும் கொண்டு வந்திருந்தாள். சுற்றுலா வந்த கூட்டம் அங்கங்கே சாப்பிட்டுக்கொண்டும் பிள்ளைகளை அதட்டிக்கொண்டும் இருந்தது. காலையில் வெந்நீர் குடித்துக் குடித்துக் குரலைக் கொஞ்சம் தேற்றி வைத்திருந்தாள் மார்கரெட். கல்லில் ஏறி உட்கார்ந்து, கொண்டையைச் சரிசெய்துகொண்டு, அவனைப் பார்த்தாள். ‘நான் தயார்’ என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

வளன் பெட்டியைத் திறந்து சாக்ஸபோனை எடுத்துக் கழுத்தில் மாட்டினான். எடுத்ததுதான் தாமதம், சனங்கள் கூடிவிட்டார்கள். போன்கள் மேலே வந்தன. அவனுக்கு வள்ளியூர் ஞாபகம் வந்தது. விரல்கள் விறைத்தன. ஒரு குடும்பத்தோடு வந்திருந்த பெரியவர், “அண்ணாச்சி, அந்தக் காலத்துப் பாட்டு ஒண்ணு எடுத்து விடுங்க” என்றார். வளன் அவர் கேட்ட பாட்டை வாசித்தான். சுரம் பிசகாமல் வாசித்தான். கை தட்டினார்கள். இன்னொருவர் இன்னொரு பாட்டு கேட்டார். இது ஒன்றை முடித்துவிடுவோம், அடுத்தது நம்முடையது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். அடுத்ததற்கும் அதையே சொல்லிக்கொண்டான். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் மார்கரெட் கல்லின் மேல் நிமிர்ந்து உட்கார்வாள். அடுத்த சினிமாப் பாட்டு தொடங்கியதும் முதுகு தளரும்.

அட மனுஷா, ஒரு நாலு சுற்று! அந்த இடத்தில் எவனுக்கு நீ யாரென்று தெரியும்? தப்பாக வந்தால்தான் என்ன, மலை இடிந்தா விழும்? வளனே இதைத் தன்னிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டான்.

மலைமேல் கருத்துக்கொண்டு வந்து தூறல் போட்டது. கூட்டம் கலைந்து வண்டிகளுக்கு ஓடியது. மார்கரெட் சாப்பாட்டு டப்பாக்களை மூடிப் பையில் வைத்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல், கம்மிய குரலில், “நல்லா வாசிச்சீங்க” என்றாள். வழி முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கோபமாகப் பேசியிருந்தால் அவன் அழுதிருப்பான். அவள் கோபப்படவே இல்லை.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல் போய்விட்டது. வீட்டுக்கு வந்த பிறகு வளன் சாக்ஸபோனைத் தொடவில்லை. தொட்டால் அவளுக்கு வலிக்குமே என்று பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். அவள்தான் ஒரு நாள் குனிந்து அதை வெளியே இழுத்தாள். அவன் மடியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். வளன் பயந்துகொண்டே நாலு சுற்று வாசித்துவிட்டு நிறுத்தினான். மார்கரெட் பக்கத்தில் இருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து, மோதிர விரலால் அதன் விளிம்பில் தட்டினாள். வெறும் தட்டல்தான். ஆனால் அதில் ஏற்றம் இருந்தது, இறக்கம் இருந்தது, அந்தக் கேலிச் சுழிகூட இருந்தது. நாலாவது சுற்றில் சரியாக வந்து நின்றது. வளன் குழலை வைத்துவிட்டு அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் முதுகிலும் அவள் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள்.

அப்படி ஒரு வருஷம் ஓடியது. அதைச் சந்தோஷமான வருஷம் என்றுதான் சொல்லவேண்டும். பிறகு கட்டி நெஞ்சுக்குள் திரும்பி வந்தது. இந்தத் தடவை டாக்டர் ஒன்றும் பக்குவமாகச் சொல்லவில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். பெங்களூரிலிருந்து ரெனிஷா லீவு போட்டு வந்துவிட்டாள். ஒரு சாயங்காலம், தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனபோது, மார்கரெட் கையைத் தூக்கி வாசல் பக்கம் காட்டினாள். பிறகு கட்டிலுக்குக் கீழே இருந்த பெட்டியைக் காட்டினாள். வளனுக்குப் புரிந்தது. குனிந்து அவள் காதருகே சொன்னான்.

“வாசிக்கேன் மார்கரெட். தெருவுல வச்சு, எல்லாரும் கேக்க வாசிக்கேன். உனக்கு எடம் விட்டு வாசிக்கேன்.”

கட்டில் சட்டத்தில் அவள் விரல் ஒரு தடவை தட்டியது. சரி என்று அர்த்தம். இரண்டு நாள் கழித்து, காலைப் பூசை மணி அடிக்கிற நேரத்தில் போய்விட்டாள்.

செட்டு ஆள் வீட்டுச் சாவென்றால் செட்டு கூப்பிடாமலே வரும். எல்லோரும் சீருடையில் வந்து தெருவில் நின்றார்கள். சங்கிலி டிரம்பெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பிள்ளை மாதிரி அழுதான். துக்க வீட்டுக்காரன் வாசிப்பது வழக்கம் இல்லை, சவப்பெட்டிக்குப் பின்னால் தலை குனிந்து நடந்து வருவதுதான் வழக்கம். பெட்டியைத் தூக்கும் நேரத்தில் வளன் சாக்ஸபோனை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது தெருவே திகைத்துப்போனது. உறவுக்காரர் ஒருவர் தடுக்க வந்தார். எஸ்றா மாஸ்டர் அவரைக் கை காட்டி நிறுத்தினார்.

மாஸ்டர் முன்னமே எதிர்பார்த்திருந்தார். வளன் வருவதற்கு முன்பே செட்டுக்காரர்களிடம் அவர் சொல்லி வைத்திருந்ததை ரெனிஷா பிறகு சொல்லித்தான் வளனுக்குத் தெரியும். “அவன் வாசிக்கணும்னு வந்தாம்னா விட்ருங்க. ஆனா பாதியில ஒடைஞ்சிருவான். ஒடைஞ்ச அந்த நிமிசமே தாங்கிரணும். அவன் பொண்டாட்டி போற வழியில சத்தம் அறுபடக் கூடாது, கேட்டியளா?”

வளன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் நிறுத்துவேன், நீங்கள் வாசிக்காதீர்கள் என்று சொன்னால் போதும். ஆனால் என்னவென்று சொல்ல? நான் வாசிப்பேன், அப்புறம் என் மனைவி வாசிப்பாள் என்றா?

பெட்டி நகர்ந்தது. அவளுக்குப் பிடித்த மாதா பாட்டை எடுத்தார்கள். கோவிலில் அவள் காலமெல்லாம் இரண்டாம் குரலில் பாடிய பாட்டு. வளன் தெருமுனை வரைக்கும் கூடவே வாசித்துக்கொண்டு வந்தான். கூட்டம் பெருகியிருந்தது, கடைக்காரர்கள் எழுந்து வெளியே வந்து நின்றார்கள். அங்கே வைத்து அவன் பாட்டை விட்டு இறங்கினான்.

விரல் விறைக்கவில்லை. பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. சாளை ஆய்ந்த காலையும், கரண்டியோடு நின்ற கோபமும், மணிமுத்தாற்றுக் கல்லும், தான் வாசிக்காமல் விட்ட அத்தனையும் குழலுக்குள் வந்தன. அழுவதா மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் இரண்டையும் வாசித்தான். நாலு சுற்று. யாரும் சொல்லிக்கொடுக்காத நாலு சுற்று. செட்டுக்காரர்கள் மரியாதையாகக் குழல்களை இறக்கி, டிரம்மை மட்டும் மெல்லத் தட்டி அவனைப் போகவிட்டார்கள். சாலையில் நின்ற சனங்களில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நாலாவது சுற்றில் சரியாக வந்து இறங்கி, குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, பெட்டியைப் பார்த்தான்.

அவள் பதில் சொல்ல வேண்டிய இடம் அது. அவள் சொல்லமாட்டாள் என்று அவனுக்குத் தெரியாதா? பைத்தியமா அவனுக்கு? ஆனாலும் அந்த நாலு சுற்றும் அவளுடையது. தெருவில் வைத்து, எல்லோரும் கேட்க, அவளுக்கென்று ஒரு இடம் சும்மா கிடக்க வேண்டும். அவ்வளவுதான் அவன் அவளுக்கு வைத்திருந்தது. மெல்லிய டிரம்முக்கு மேல் தூக்குகிறவர்களின் காலடி கேட்டது. ரெனிஷா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அவ்வளவுதான் கேட்டது. சங்கிலியின் டிரம்பெட் கணீரென்று உள்ளே வந்து மாதா பாட்டை எடுத்துக்கொண்டது. கிளாரினெட் வந்தது, டிரம் இறுகியது. தெரு முழுக்கச் சத்தம் நிறைந்தது.

வளன் மறுபடி வாசித்தான். மறுபடி நாலு சுற்று வாசித்துக் குழலை எடுத்தான். இந்தத் தடவை அவர்கள் இன்னும் உஷாராக இருந்தார்கள், மூச்சு விடுவதற்குள் தாங்கிவிட்டார்கள். வேண்டாம் என்று கையைத் தூக்கினான். அண்ணாச்சிக்கு முடியவில்லை என்று புரிந்துகொண்டு, சங்கிலி கண்ணீர் வழிய வழிய, கன்னம் வெடிக்கிற மாதிரி ஊதினான். அவன் ஊதலில் பிழையே இல்லை. அவர்கள் ஒருத்தர் மேலும் பிழை இல்லை. அதற்கப்புறம் வளன் இடம் விடவில்லை. சொல்லிக்கொடுத்த பாட்டைச் சொல்லிக்கொடுத்த மாதிரி கல்லறைத் தோட்டம் வரைக்கும் வாசித்துக்கொண்டே போனான். டேப் ரிக்கார்டர் மாதிரி.

மண் போட்டு முடிந்து சனங்கள் கலைந்தார்கள். வளன் சுற்றுச்சுவர் ஓரமாக உட்கார்ந்து, ரீட்டைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். சங்கிலி வந்து காலடியில் குத்தவைத்து உட்கார்ந்தான். உதடு வீங்கி ரத்தம் கசிந்திருந்தது. வளனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

“அண்ணாச்சி, ஒரு எடத்துலயும் விடல. மைனி போன வழி பூரா சத்தம் அறுபடவே இல்ல.”

வளன் அவன் தலையில் கை வைத்தான். சங்கிலி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான்.

“அங்கன ரெண்டு தடவ நிறுத்துனீங்களே. என்ன அண்ணாச்சி, மூச்சு முட்டிட்டா?”

வளன் அந்த வீங்கின உதட்டைப் பார்த்தான்.

“ஆமாலே” என்றான். “மூச்சு முட்டிட்டு. நல்லவேளை, நீங்க இருந்தீங்க.”